நகைக்கடையில் சர்வீஸுக்குக் கொடுத்த வாட்ச்: 4,500 ரூபாயும் எட்டு மாதமும்

நகைக்கடையில் ஒரு மோதிரத்தை ரிப்பேருக்குக் கொடுத்தால் முதல் வேலையாகத் தராசில் வைப்பார்கள். மில்லிகிராம் வரை சீட்டில் எழுதி, நம் கண்ணெதிரே கவரில் போட்டு ஒட்டுவார்கள். திரும்ப வாங்கும்போது மறுபடியும் எடை. மதுரையில் எங்கள் குடும்பம் பல வருஷமாக நகை எடுக்கும் கடை அது. அதே கடையின் மாடியில் இருக்கும் வாட்ச் கவுண்டரில் அப்பாவின் வாட்சைக் கொடுத்தேன். சீட்டில் எழுதியது ஒரே வரிதான்: ‘ஆட்டோமேட்டிக் வாட்ச் – 1, சர்வீஸ்’. அதை வாங்கிச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு இறங்கி வந்துவிட்டேன். அங்கேதான் நான் ஏமாந்தேன். அதிலிருந்து மீள எட்டு மாதம் ஆயிற்று. இதெல்லாம் எனக்கு முன்னாலேயே தெரிந்திருந்தால் அந்த ஒற்றை வரிச் சீட்டை வாங்கியிருக்க மாட்டேன். உங்கள் வீட்டிலும் இப்படி ஒரு வாட்ச் இருக்கலாம், அதனால்தான் எழுதுகிறேன்.

வாட்ச் பெரிய விலை உடையது இல்லை. அப்பா 2001-இல் ஜித்தாவிலிருந்து வரும்போது வாங்கி வந்த சீக்கோ 5. உள்ளே இருக்கும் மெஷின் (ரிப்பேர்காரர்கள் மூவ்மென்டை மெஷின் என்றுதான் சொல்வார்கள்) 7எஸ்26. 21 கல் (உராய்வைக் குறைக்க மெஷினுக்குள் பதித்திருக்கும் சின்னக் கற்களின் எண்ணிக்கை). இதற்குச் சாவி கொடுக்க முடியாது. கையில் கட்டியிருக்கும்போது உள்ளே ரோட்டர் சுழன்று ஸ்பிரிங்கை ஏற்றிக்கொள்ளும். கிரவுனை (நேரம் வைக்கப் பக்கவாட்டில் இருக்கும் திருகு) வெளியே இழுத்தாலும் செகண்ட் முள் நிற்காது, ஓடிக்கொண்டே இருக்கும். இந்த இரண்டையும் ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வரும். கிழமை காட்டும் தகட்டில் ஆங்கிலமும் அரபியும் இருந்தன. அரபு நாடுகளில் விற்ற சீக்கோக்களில் இப்படித்தான் வரும். ஆங்கிலத்தில் வைத்திருந்தாலும், நள்ளிரவு தாண்டி கிழமை மாறும்போது முதலில் அரபி எழுத்து வந்து நிற்கும். கொஞ்ச நேரம் கழித்துத்தான் ஆங்கிலம் வரும்.

22 வருஷம் அதை யாரும் திறக்கவே இல்லை. 2023-இல் ஒரு நாளைக்கு மூன்று நிமிஷம் பின்தங்க ஆரம்பித்தது. இரவு கழற்றி வைத்தால் காலையில் நின்றிருக்கும். இந்த மெஷினுக்குக் கம்பெனி சொல்லும் கணக்கு, ஒரு நாளைக்கு 20 செகண்ட் பின்தங்குவது முதல் 40 செகண்ட் முந்துவது வரை சரி என்பது. முழுதாக ஏறியிருந்தால் கழற்றி வைத்த பிறகும் 40 மணி நேரம் போல ஓட வேண்டும். அது ஒரே ராத்திரியில் நிற்கிறதென்றால் பெரும்பாலும் எண்ணெய் காய்ந்து பிசின் மாதிரி ஆகிவிட்டது என்று அர்த்தம். பாகம் எதுவும் கெட்டிருக்க வேண்டியதில்லை, கழுவி எண்ணெய் போட்டால் போதும். அப்போது இது எனக்குத் தெரியாது.

கவுண்டரில் இருந்த தம்பி மரியாதையாகத்தான் பேசினார். “ஃபுல் சர்வீஸ் சார், 2,800 ஆகும், மூணு வாரம்” என்றார். யார் செய்வார்கள், எங்கே செய்வார்கள் என்று நான் கேட்கவில்லை. கடைக்குள்ளேயே ஆள் இருப்பார் என்று நானாக நினைத்துக்கொண்டேன். பிறகுதான் தெரிந்தது, கவுண்டர் வெறும் வாங்கி வைக்கும் இடம். வாரம் ஒருமுறை ஓர் ஏஜெண்ட் வந்து பையில் அள்ளிக்கொண்டு வெளியூர் போவார். அவர் யாரிடம் கொடுக்கிறார் என்பது கவுண்டர் தம்பிக்கே தெரியாது. நகைக்கடைகளில் இது சகஜம். தங்க வேலைக்குக் கடையோடு சேர்ந்த ஆசாரி இருப்பார். வாட்சுக்கு அப்படி ஒருவர் இருப்பார் என்று எண்ணக் கூடாது. “யார் கையால திறக்கப் போறாங்க, அவர்கிட்ட நான் பேசலாமா?” என்று முதலிலேயே கேளுங்கள். பதில் வராவிட்டால் வாட்சை எடுத்துக்கொண்டு இறங்கிவிடுங்கள்.

‘ஃபுல் சர்வீஸ்’ என்ற சொல்லுக்கு என்ன பொருள் என்பதையும் கேட்டுக்கொள்ள வேண்டும். உண்மையான சர்வீஸ் என்றால் மெஷினைக் கேஸிலிருந்து (வெளிக்கூடு) எடுத்து, முள், டயல், காலண்டர் தகடுகள், ரோட்டர், பேலன்ஸ் (இப்படியும் அப்படியும் ஆடும் சக்கரம்), பாலட், சக்கரங்கள், பேரல் (ஸ்பிரிங் இருக்கும் டப்பா) என்று ஒவ்வொன்றாகப் பிரித்து, கழுவும் திரவத்தில் போட்டு, பழைய எண்ணெய் துளியும் இல்லாமல் எடுத்து, காய வைத்து, திரும்பக் கோத்து, இடத்துக்கு ஏற்ற எண்ணெய் வைப்பது. வேகமாகச் சுழலும் சக்கர முனைகளுக்கு மெல்லிய எண்ணெய், மெதுவாகச் சுழன்று பாரம் தாங்கும் இடங்களுக்குக் கெட்டி எண்ணெய், பேரலின் உள்சுவருக்குத் தனி கிரீஸ். பேலன்ஸின் அதிர்ச்சி தாங்கும் கல்லைக் கூட (சீக்கோவில் அதற்கு டயாஷாக் என்று பெயர்) கழற்றிக் கழுவி, நடுவில் ஒரு சின்னத் துளி வைக்க வேண்டும். பிறகு டைம்கிராஃபர் என்ற கருவியில் வைத்து ஓட்டத்தைப் பார்த்து, பின்மூடி ரப்பர் வளையம் மாற்றி மூட வேண்டும். பழகிய கைக்கே அரை நாள் வேலை. இதைத் தவிர இன்னொரு ‘சர்வீஸ்’ இருக்கிறது: பின்மூடியைத் திறந்து, மேலே தெரிகிற இடங்களில் எண்ணெய் தொட்டு வைத்து மூடுவது. பத்து நிமிஷம். பழைய பிசினின் மேல் புது எண்ணெய் விழுந்தால் சில வாரம் நன்றாக ஓடும், பிறகு முன்பைவிட மோசமாகும். இரண்டுக்கும் பில்லில் ஒரே பெயர்தான் எழுதுவார்கள்.

மூன்று வாரம் என்றது ஏழு வாரம் ஆனது. செப்டம்பர் முதல் வாரம் கையில் வாங்கியபோது முதலில் கண்ணில் பட்டது பளபளப்பு. கவுண்டர் தம்பி சந்தோஷமாக, “பாலிஷ் ஃப்ரீயா போட்டிருக்கோம் சார்” என்றார். எனக்கு வயிறு எரிந்தது. அந்தக் கேஸின் மேல்பக்கம் கோடு கோடாக மங்கலாகவும், பக்கவாட்டு மட்டும் கண்ணாடி போலவும் இருக்கும். இரண்டும் சேரும் இடத்தில் கத்தி முனை போல ஓர் ஓரம் ஓடும். அந்த ஓரம் போய், சோப்புக் கட்டி கரைந்த மாதிரி உருண்டிருந்தது. தங்க நகைக்குப் பாலிஷ் போடும் அதே மோட்டார் பஃப்பில் காட்டியிருக்கிறார்கள். நகைக்குப் பளபளப்புதான் முடிவு. வாட்சுக்கு அப்படி இல்லை. எஃகைத் தேய்த்து எடுத்துவிட்டால் திரும்ப வராது. பின்மூடியிலும் குறுக்கே இரண்டு புதுக் கீறல்கள், திறக்கும் சாவி பள்ளத்தில் சரியாக உட்காராமல் வழுக்கியதால் வந்தவை. கண்ணாடியில் இருந்த பழைய கீறல்கள் மட்டும் அப்படியே இருந்தன. சீக்கோவின் ஹார்ட்லெக்ஸ் மினரல் கண்ணாடி. பிளாஸ்டிக் கண்ணாடி போலத் தேய்த்துக் கீறல் எடுக்க முடியாது, மாற்றத்தான் வேண்டும். கொடுக்கும் சீட்டில் ‘பாலிஷ் வேண்டாம்’ என்று இரண்டு வார்த்தை எழுதியிருந்தால் இது நடந்திருக்காது.

அன்றைக்கு ராத்திரியே நேரம் ஓடிப் போயிருந்தது, இந்த முறை முன்னால். ஒரு நாளைக்கு ஏழு நிமிஷம் முந்தியது. ஓட்டத்தை அளக்க ஒரு நோட்டும் போனும் போதும்: காலை எட்டு மணிக்குப் போன் நேரத்தோடு வைத்து, தினமும் அதே எட்டு மணிக்கு எத்தனை செகண்ட் வித்தியாசம் என்று ஐந்து நாள் எழுதுங்கள். சர்வீஸுக்குக் கொடுக்கும் முன் ஐந்து நாள், வாங்கிய பின் ஐந்து நாள். இந்த இரண்டு பக்கம் கையில் இருந்தால் கடைக்காரரால் “அப்படியெல்லாம் இருக்காது சார்” என்று சொல்ல முடியாது. ஒரு வாட்ச் செகண்டுகளில் முந்தினால் அது அட்ஜஸ்ட்மென்ட். நிமிஷக் கணக்கில் முந்தினால் பெரும்பாலும் ஹேர்ஸ்பிரிங்கில் (பேலன்ஸை ஆட்டும் மெல்லிய சுருள்) கோளாறு. ஒன்று, அது காந்தம் ஏறியிருக்கலாம்: ஸ்பீக்கர், லேப்டாப் மூடி, போன் கவரின் காந்தம் எதன் மேலாவது வைத்தால் ஏறும். அதை எடுப்பது ஒரு நிமிஷ வேலை, ரிப்பேர்காரர்களிடம் அதற்கென்று ஒரு சின்னப் பெட்டி இருக்கும். இரண்டாவது, ஸ்பிரிங்கின் சுற்றுகளில் எண்ணெய் பட்டு ஒன்றோடொன்று ஒட்டியிருக்கலாம். ஒட்டினால் ஸ்பிரிங் நீளம் குறைந்த மாதிரி ஆகும், ஆட்டம் வேகமாகும், நேரம் முந்தும். என் வாட்சுக்கு நடந்தது இரண்டாவது.

திரும்பக் கொண்டுபோய்க் கொடுத்தேன். அப்போதும் அதே ஒற்றை வரிச் சீட்டு. பத்து நாள் கழித்துப் போன் வந்தது. “மெஷின் ரொம்பப் பழசு சார், பார்ட்ஸ் மாத்தணும், 1,700 ஆகும்.” எந்தப் பார்ட் என்று கேட்டேன். “உள்ள தேய்மானம் சார்.” சரி, செய்யுங்கள் என்று சொல்லிவிட்டேன். பார்ட் மாற்றுகிறோம் என்று யார் சொன்னாலும் அந்தப் பார்ட்டின் பெயரைக் கேளுங்கள், கழற்றியதைத் திருப்பித் தரச் சொல்லுங்கள். நம் பணத்தில் புதுசு வாங்கினால் பழசும் நம் பொருள்தான்.

நவம்பர் முதல் வாரம் வாங்கினேன். இந்த முறை அருமையாக ஓடியது. ஐந்து நாள் எழுதிப் பார்த்தேன், ஒரு நாளைக்கு எட்டு செகண்ட் முந்தியது, அவ்வளவுதான். அப்பா கையில் கட்டி, “பரவாயில்லையே, பழைய மாதிரி ஆயிருச்சு” என்றார். மொத்தம் 4,500 போனாலும் வேலை முடிந்தது என்று நிம்மதியாக இருந்தது. அந்த நிம்மதி மூன்று வாரம்.

அப்பா இரண்டு நாள் காய்ச்சலில் படுத்திருந்ததால் வாட்ச் நின்றுவிட்டது. நேரம் வைக்க நான் எடுத்தேன். கிரவுனை இழுத்தேன், செகண்ட் முள் நின்றது. 22 வருஷம் ஒருநாளும் நிற்காத முள். தள்ளிவிட்டுச் சும்மா முறுக்கிப் பார்த்தேன், சாவி ஏறும் சத்தம் கேட்டது. இந்த வாட்சுக்குச் சாவியே கிடையாது. கிழமையைத் திருப்பினேன். அரபி வர வேண்டிய இடத்தில் எல், யூ, என் என்று மூன்று எழுத்து வந்து நின்றது. ஸ்பானிய மொழியில் திங்கள்கிழமை. எனக்குக் கை நடுங்கியது. வெளியே அப்பாவின் வாட்ச், உள்ளே வேறு எதுவோ.

அதே வாரம் மழையில் நனைந்து வந்ததும் கண்ணாடிக்குள் நீராவி படிந்தது. இதைப் பார்த்தால் தள்ளிப்போடக் கூடாது. வெயிலில் காய வைப்பதும் அரிசிக்குள் புதைப்பதும் ஆவியைக் கண்ணுக்குத் தெரியாமல் செய்யும், உள்ளே எஃகு பாகங்களில் துரு பிடிப்பது நிற்காது. அன்றைக்கோ மறுநாளோ திறந்து உலர்த்த வேண்டும். நான் நகைக்கடைக்குப் போகவில்லை. நண்பர் சொல்லி, நாற்பது வருஷமாக வாட்ச் மட்டுமே பார்க்கும் ஒரு பாய் கடைக்குப் போனேன். நாலுக்கு ஆறடி இடம், ஒரு மேஜை, ஒரு விளக்கு.

அவர் பின்மூடியைத் திறந்து, கண்ணில் லென்ஸை வைத்து, அரை நிமிஷம் பேசாமல் பார்த்தார். பிறகு லென்ஸை என்னிடம் கொடுத்தார். “தம்பி, மூடியில என்ன நம்பர் போட்டிருக்கு, வாசிங்க.” 7எஸ்26 என்று ஆரம்பித்தது. “இப்ப ரோட்டர்ல பாருங்க.” 24 கல் என்று இருந்தது. “இது என்எச்36. நல்ல மெஷின்தான். ஆனா உங்களோடது இல்ல.” என்எச்36 சீக்கோ குழுமமே பிற கம்பெனிகளுக்கும் விற்கும் மெஷின். அளவு, டயல் கால்கள், முள் துளை எல்லாம் 7எஸ்26-க்குப் பொருந்தும். அதனால் ஹேர்ஸ்பிரிங்கைச் சரிசெய்து அரை நாள் உட்காருவதற்குப் பதில், அரை மணியில் மெஷினையே மாற்றிவிடலாம். சாவி ஏறும், செகண்ட் முள் நிற்கும் என்பதுதான் வெளியிலிருந்து தெரியும் வித்தியாசம்.

நீராவி வந்த காரணத்தையும் காட்டினார். மெஷின் மாறியபோது கிரவுனின் தண்டும் மாறியிருக்கிறது. புதுத் தண்டைச் சரியான நீளத்துக்கு வெட்டி ராவ வேண்டும். கொஞ்சம் நீளமாக விட்டுவிட்டார்கள். கிரவுன் கேஸோடு ஒட்டாமல் ஒரு நகக்கண் இடைவெளி விட்டு நின்றது. கிரவுனுக்குள் இருக்கும் ரப்பர் வளையம் உட்கார வேண்டிய இடத்தில் உட்காரவில்லை. பின்மூடி வளையத்தை அவர் இடுக்கியால் எடுத்து மேஜையில் போட்டார். உருண்டையாக இருக்க வேண்டியது நாடா போலத் தட்டையாகி, வளைத்ததும் ஒடிந்தது. 22 வருஷத்துக்கு முந்தைய அதே வளையம். இரண்டு தடவை ‘ஃபுல் சர்வீஸ்’ செய்தவர்கள் நூறு ரூபாய்கூட ஆகாத வளையத்தை மாற்றவில்லை.

ஒன்றை நியாயமாகச் சொல்ல வேண்டும். மெஷின் மாற்றுவது தப்பான வேலை இல்லை. பாகம் கிடைக்காத வாட்சுக்கும், துருப்பிடித்த மெஷினுக்கும் நல்ல ரிப்பேர்காரர்களே அதைத்தான் சொல்வார்கள். “உங்க மெஷினைச் சரிபண்ண இவ்வளவு, மாத்த இவ்வளவு, எது வேணும்?” என்று கேட்டுவிட்டுச் செய்தால் அது நேர்மை. சொல்லாமல் மாற்றி, கழற்றியதை வைத்துக்கொண்டு, ‘பார்ட்ஸ்’ என்று எழுதிப் பணம் வாங்கியதுதான் என்னைக் கொதிக்க வைத்தது.

கடைக்குப் போனேன். “அப்படி மாத்த வாய்ப்பே இல்ல சார்” என்றார்கள். நான் கொடுத்தபோது எடுத்த போட்டோ ஒன்றும் என்னிடம் இல்லை. கேஸின் பின்னால் இருக்கும் ஆறு இலக்க சீரியல் நம்பர் கேஸுக்கு உரியது, மெஷினுக்கு உரியது இல்லை. அது மாறவே இல்லையே என்று அதையே காட்டினார்கள். எனக்குக் கை கொடுத்தது அதற்குப் பக்கத்தில் இருந்த நாலு எழுத்து. சீக்கோவில் பின்மூடியின் மாடல் எண்ணில் முதல் பகுதி உள்ளே இருக்கும் மெஷினின் எண். மூடி 7எஸ்26 என்கிறது, ரோட்டர் 24 கல் என்கிறது. 7எஸ்26-க்கு 21 கல். இரண்டையும் ஒரே போட்டோவில் பாய் எடுத்துக் கொடுத்திருந்தார். கூடவே, கிழமைத் தகட்டில் அரபி தெரியும்படி பழைய கல்யாண போட்டோ ஒன்றில் அப்பாவின் கை கிடைத்தது. தேடி எடுக்க ஒரு ஞாயிற்றுக்கிழமை போனது.

வாய்ப்பேச்சு டிசம்பர் முழுக்க இழுத்தது. ஜனவரியில் எழுத்தாகக் கொடுத்தேன்: கொடுத்த தேதிகள், கட்டிய தொகை, இரண்டு போட்டோ, என் கோரிக்கை இரண்டு, அதாவது கழற்றிய மெஷின் திரும்ப வேண்டும், பணம் திரும்ப வேண்டும், 15 நாள் அவகாசம். ஒரு பிரதியில் கடை முத்திரை வாங்கிக்கொண்டு, பதிவுத் தபாலிலும் அனுப்பினேன். பதில் வராவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார், பிறகு மாவட்ட நுகர்வோர் ஆணையம் என்று எழுதியிருந்தேன். 2019-ஆம் வருஷ நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில் இது சேவைக் குறைபாடு. கொடுத்த தொகை ஐந்து லட்சம் வரை ஆணையத்தில் புகார்க் கட்டணம் கிடையாது, வக்கீல் வைத்துத்தான் ஆக வேண்டும் என்றும் இல்லை, இரண்டு வருஷத்துக்குள் போட வேண்டும். என்னிடம் இருந்த ஓட்டை ஒன்று: முதல் 2,800-க்கு அவர்கள் கொடுத்தது எஸ்டிமேட் சீட்டு, ஜிஎஸ்டி பில் இல்லை. நல்லவேளை, பணத்தை யுபிஐயில் கட்டியிருந்தேன், அது ஆதாரமானது. ரொக்கமாகக் கொடுத்திருந்தால் கொடுக்கவே இல்லை என்றிருப்பார்கள். எழுத்துக் கடிதம் போன பன்னிரண்டாம் நாள் மேனேஜரே கூப்பிட்டார்.

3,000 ரூபாய் திரும்பக் கிடைத்தது. ஒரு சின்ன ஜிப் கவரில் மெஷின் ஒன்றும் வந்தது. வேறு ஏதோ பழைய மெஷினைத் தலையில் கட்டுகிறார்களோ என்ற பயத்தோடுதான் பாயிடம் கொண்டுபோனேன். அவர் தூசியை ஊதிவிட்டு, கிழமைத் தகட்டை இடுக்கி நுனியால் மெல்லத் திருப்பினார். அரபி எழுத்து வந்தது. “ஜும்ஆ” என்று வாசித்தார். வெள்ளிக்கிழமை. “உங்க அப்பாவோடதுதான் தம்பி.” எனக்குத் தொண்டை அடைத்தது. பிறகு லென்ஸில் ஹேர்ஸ்பிரிங்கைக் காட்டினார். கொசுவர்த்திச் சுருள் போல இடைவெளி விட்டு விட்டுப் போக வேண்டிய சுற்றுகளில், உட்பக்கத்தில் இரண்டு சுற்று எண்ணெயில் நனைந்து ஒன்றாக ஒட்டிக்கிடந்தன. முதல் ‘சர்வீஸில்’ தொட்டு வைத்த எண்ணெய். ஒரு பாகமும் தேயவில்லை, உடையவில்லை. கழுவினாலே சரியாகும் என்றார். ஆயிற்று. பிரித்துக் கழுவி, எண்ணெய் போட்டு, வளையம் இரண்டும் மாற்றி, அவர் பெட்டியிலிருந்து வேறு தண்டு போட்டுக் கிரவுனை ஒட்ட வைத்து, 1,900 ரூபாய் வாங்கினார். டைம்கிராஃபரில் வைத்துக் காட்டினார்: டயல் மேலே பார்க்க ஒரு நாளைக்கு 11 செகண்ட் முந்துகிறது, பேலன்ஸ் ஆட்டத்தின் அகலம் 255 டிகிரி. முழுதாக ஏறிய நிலையில் 200-க்குக் கீழே இருந்தால் சர்வீஸ் சரியில்லை என்று சொன்னார். டயல் கீழே, கிரவுன் கீழே என்று நிலை மாற்றியும் பார்க்க வேண்டும். ஒரு நிலையில் மட்டும் நன்றாகக் காட்டுவது பெரிய விஷயம் இல்லை.

வாட்சுக்குத் தராசு கிடையாது, அதனால் அதன் அடையாளத்தைத்தான் எடை போட வேண்டும். இனி யாரிடம் கொடுத்தாலும் நான் சீட்டில் எழுத வைப்பது: கம்பெனி, பின்மூடி மாடல் எண், சீரியல், மெஷின் எண், எத்தனை கல், கிழமைத் தகட்டின் மொழி, சாவி ஏறுமா ஏறாதா, செகண்ட் முள் நிற்குமா நிற்காதா. பின்மூடியை என் எதிரில் திறக்கச் சொல்லி மெஷினைப் போட்டோ எடுத்துக்கொள்கிறேன். இரண்டு நிமிஷம்தான் ஆகும், மறுக்கிறவர் கையில் வாட்சைக் கொடுப்பதில்லை. அதோடு, பிரித்துக் கழுவுவதா எண்ணெய் மட்டுமா, வளையம் மாற்றுவீர்களா, பாலிஷ் வேண்டாம், சொன்ன தொகையைத் தாண்டினால் கேட்டுத்தான் செய்ய வேண்டும், கழற்றிய பாகம் திரும்ப வேண்டும், எந்தத் தேதி, எத்தனை மாத வாரண்டி. ஒரு சீட்டின் பின்பக்கத்தில் இதெல்லாம் அடங்கும். எழுதி முடிக்க வெட்கப்பட வேண்டாம். மோதிரத்துக்கு அரை கிராம் குறைந்தால் நாம் விடுவோமா?

வாங்கும்போது கவுண்டரிலேயே பத்து நிமிஷம் நில்லுங்கள். போன் டார்ச்சைச் சாய்த்து அடித்தால் கண்ணாடிக்குள் தூசி, முடி, கைரேகை தெரியும். முள்ளைத் திருப்பி, நிமிஷ முள் 12-இல் நிற்கும்போது மணி முள் ஏதாவது ஓர் எண்ணில் நேராக நிற்கிறதா பாருங்கள். நள்ளிரவைத் தாண்டவிட்டு, தேதி 12-ஐ ஒட்டி மாறுகிறதா பாருங்கள். ரொம்ப முன்னாலோ பின்னாலோ மாறினால் முள்ளைத் தப்பாக மாட்டியிருக்கலாம். கிரவுன் கேஸோடு ஒட்டி உட்கார வேண்டும், ஆட்டினால் ஆடக் கூடாது. தேதியைக் குறுக்கு வழியில் (முள்ளைச் சுற்றாமல், கிரவுனை ஒரு படி மட்டும் இழுத்து) மாற்றுவதை மட்டும் இரவு 9 மணியிலிருந்து அதிகாலை 4 மணி வரை செய்யாதீர்கள், முள் அந்த நேரத்தைக் காட்டும்போது பகலில் மாற்றினாலும் உள்ளே சக்கரத்தின் பல் உடையலாம். முதலில் முள்ளை ஆறு மணிக்குக் கொண்டுபோய் வைத்துவிட்டு மாற்றுங்கள்.

பேட்டரி வாட்ச் வைத்திருப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை, ஏனென்றால் நகைக்கடை கவுண்டரில் அதிகம் நடப்பது அதுதான். எஸ்ஆர்626 என்ற சில்வர் ஆக்ஸைடு செல்லும் ஏஜி4 என்ற அல்கலைன் செல்லும் ஒரே அளவு. இரண்டாவது மலிவு, சீக்கிரம் தீரும், கசிந்து மெஷினைக் கெடுக்கவும் கூடும். போடும் முன் செல்லின் முகத்தைக் காட்டச் சொல்லுங்கள், இந்த அளவில் எஸ்ஆர்626 என்றோ 377 என்றோ இருக்க வேண்டும். செல்லுக்குப் பக்கத்தில் முடியைவிட மெல்லிய செம்புக் கம்பிச் சுருள் இருக்கும். ஸ்க்ரூட்ரைவர் வழுக்கி அதில் ஒரு இழை அறுந்தாலும் வாட்ச் ஓடாது. செல் மாற்றியதும் ஓடவில்லை என்றால் அங்கேயே நின்று கேளுங்கள்.

என் கணக்கில் ஜூலை முதல் பிப்ரவரி வரை எட்டு மாதம். நகைக்கடைக்கு 4,500 கொடுத்து 3,000 திரும்பி, பாய்க்கு 1,900, கையை விட்டுப் போனது 3,400. முதலிலேயே பாயிடம் போயிருந்தால் 1,900-இல் முடிந்திருக்கும். என்எச்36 மெஷினை கடைக்கே திருப்பிக் கொடுத்துக் கையெழுத்து வாங்கிவிட்டேன். உருண்டு போன கேஸ் ஓரம் திரும்பாது. கோட்டு வேலையை மேல்பக்கத்தில் மறுபடி போடலாம், ஓரத்தைக் கொண்டுவர முடியாது என்று பாயும் சொல்லிவிட்டார். மூடுவதற்கு முன் பின்மூடியின் உட்புறத்தில் ஊசியால் ஒரு சின்னக் குறி கீறினார், ‘2-24’. அடுத்து திறக்கிறவருக்கு எப்போது கழுவியது என்று தெரிவதற்காக. நாலைந்து வருஷம் கழித்து அதைப் பார்த்துவிட்டு மறுபடி கழுவச் சொன்னார்.